இறக்கையில் இருந்த ஈக்கள்

நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. ஈக்கள் இரண்டு இருந்தன என்று நினைக்கிறேன். இறக்கைக்கு ஒன்றாக, தலையை உள்பக்கம் திருப்பி, நடுவில் கிடந்த பறவை எச்சத்தை மொய்ப்பது போல. அவற்றின் கண் சிவப்பா, செங்கல் நிறமா என்று கேட்டால் தடுமாறுவேன். அண்ணியும் நானும் இதைப் பற்றி எத்தனையோ முறை பேசிவிட்டோம். எது நான் என் கண்ணால் பார்த்தது, எது அவர் சொல்லக் கேட்டது என்று பிரிக்க முடியவில்லை. என் கணவரைக் கேட்டால், "ஏதோ அழுக்கு இருந்துச்சு" என்பார். அவருக்கு விஷயம் அவ்வளவுதான்.

குழப்பமெல்லாம் நினைவில்தான். கோபத்தில் எனக்கு ஒரு குழப்பமும் கிடையாது.

எங்கள் ஸ்டூடியோ ஒரு நெரிசலான தெருவில், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் நடுவில் இருந்தது. முன்னால் கண்ணாடி பதித்த மேஜை, அதன் பின்னால் நான். வருகிறவர்களிடம் எந்த அளவு, எத்தனை காப்பி என்று கேட்டு உள்ளே அனுப்பிவிட்டு, மீதி நேரத்தில் புத்தகம் படிப்பேன். அடுத்தது படம் எடுக்கும் அறை. நீலத்திலும் வெள்ளையிலும் இரண்டு திரைகள், குடை விளக்குகள், சுழலும் ஸ்டூல், முகம் பார்க்கும் கண்ணாடி, அதன் அடியில் பல் போன சீப்பு. அதையும் தாண்டினால் ஜன்னலில்லாத சின்ன அறை. கம்ப்யூட்டரும் அண்ணியும் அங்கே இருந்தார்கள். இப்படிச் சொல்வது தப்பு என்று தெரியும். ஆனால் கடைக்கு வந்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள், இரண்டும் சேர்ந்து ஒரே சாமான் என்பது போல.

அண்ணி என் கணவரின் அக்கா. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து சீக்கிரமே திரும்பி வந்துவிட்டவர். மாமனார்தான் ஸ்டூடியோவை ஆரம்பித்தது. அவர் பிள்ளைகள் இருவருக்குமே கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார் என்று அண்ணி ஒருமுறை சொன்னார். மாமனார் போனபிறகு கேமரா தம்பி கைக்கும் மவுஸ் அக்கா கைக்கும் போய்ச் சேர்ந்தன. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. வெளியூர் கல்யாணங்களுக்கு ஆம்பளைதானே போய்வர முடியும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இன்னொருவர் தலையாட்டியிருப்பார். அப்படியே நின்றுவிட்டது. அவர் போட்டோகிராபர், இவர் டச்சப் அக்கா.

டச்சப் அக்காவின் வேலை அழிப்பது. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பு, நெற்றிச் சுருக்கம், சட்டைக் காலரில் இருக்கும் வியர்வைக் கறை. முகம் முகமாகத் தெரியாத அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக எடுப்பார். ஒரு தடவை ஓர் அம்மா மகனுக்குப் பெண் பார்க்கப் படம் எடுக்க வந்தார். கொஞ்சம் கலர் கூட்டணும், கன்னத்தைக் குறைக்கணும், சிரிப்பை மட்டும் அப்படியே விட்டுடணும் என்று கேட்டுக்கொண்டார். அவர் சிரிக்கவே இல்லையேம்மா என்றார் அண்ணி. "அப்ப அதையும் போட்டுடுங்க" என்றார் அந்த அம்மா, காய்கறிக்காரரிடம் கொசுறு கேட்பது போல. அண்ணி போட்டும் கொடுத்தார்.

அண்ணி அதிகம் பேசமாட்டார். நானும் அப்படித்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் மணிக்கணக்கில் பேச்சில்லாமல் போகும். அதில் மனத்தாங்கல் எதுவும் இருக்காது. என் கணவருக்கு அது பிடிக்காது. கடைக்குள் வந்தால், "என்ன, இழவு வீடு மாதிரி இருக்கு" என்று ரேடியோவைப் போடுவார்.

பூச்சி வந்த அன்று அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மழை விட்டிருந்த காலை. கடைக்குப் பின்னால் கை கழுவும் இடத்தில், குழாய்க்கு மேலே சுவரில் பதித்த வெள்ளை ஓட்டில் பறவை எச்சம் வழிந்திருந்தது. அதன் மேல் இரண்டு ஈக்கள். கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்கிறது, பறவை எங்கேயோ கூடு கட்டியிருக்கிறது என்று எரிச்சலோடு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போனேன். துடைக்கக் கையைத் தூக்கியபோது அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஈ பறக்கல பாரு" என்றார்.

பறக்கவில்லை. துணி அவ்வளவு கிட்டே போயும் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. அண்ணி விரலைச் சுவரில் படாமல் ஓட்டிக் காட்டினார். இது ஓரம், இது தலை, இது மீசை. விரல் நடந்த வழியில் பார்த்த பிறகு, எச்சம் இருந்த இடத்தில் இறக்கை விரித்த ஓர் அந்துப்பூச்சி இருந்தது. ஈக்கள் அதன் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. இறக்கையிலேயே வரையப்பட்டிருந்தன.

நல்ல கேமரா கல்யாணத்துக்குப் போய்விட்டது. மாமனார் காலத்துக்குப் பிறகு வாங்கிய பழைய கேமரா ஒன்று அலமாரியில் கிடந்தது. அண்ணி அதை எடுத்து, ஒரு வளையத்தின் உதவியால் லென்ஸைத் தலைகீழாக மாட்டினார். அப்படி மாட்டினால் கடுகை எலுமிச்சம்பழமாகக் காட்டும். ஆனால் அவ்வளவு கிட்டே போனால் ஒரு படத்தில் ஒரு மயிரிழை அகலம்தான் தெளிவாக விழும், மற்றதெல்லாம் பனிமூட்டம். அதனால் கேமராவைத் துளித்துளியாக முன்னால் நகர்த்திக்கொண்டே வரிசையாகப் படம் எடுக்க வேண்டும். முதல் படத்தில் மீசை நுனி, அடுத்ததில் அதற்குக் கொஞ்சம் பின்னால், அதற்கடுத்ததில் கண். கடைசியில் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் கீற்றை மட்டும் பொறுக்கி எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். இதையெல்லாம் அண்ணி எப்போது படித்தார் என்று எனக்குத் தெரியாது. என்னை ஃப்ளாஷைப் பிடிக்கச் சொன்னார். வெளிச்சம் சுள்ளென்று விழாமலிருக்க அதன் முன்னால் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடியைப் பிடிக்கச் சொன்னார். மூச்சை அடக்கிக்கொள்ளச் சொன்னார்.

என் இரண்டு கையும் அதில் மாட்டிக்கொண்டன. போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் என்ன என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் இதுதான் பதில்.

பூச்சி ஒத்துழைத்தது. மதியத்துக்குமேல், நாங்கள் கேமராவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, எழுந்து சந்துப் பக்கம் பறந்து போயிற்று. வாடிக்கையாளர் யாரோ முன்னால் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். நான் போகவில்லை.

படங்களைச் சேர்த்து முடித்துத் திரையில் போட்டபோது நாங்கள் இருவரும் நின்றுகொண்டுதான் இருந்தோம். இறக்கை முழுவதும் ஓடு வேய்ந்தது போலச் செதில் செதிலாக இருந்தது. ஈயும் செதில்தான். ஈயின் இறக்கையில் வெயில் பட்டு மின்னுவது போல ஒரு கோடு. பெரிதாக்கினால் அது வெள்ளைச் செதில்களின் ஒற்றை வரிசை. எச்சம் இன்னும் காயாதது போலப் பளபளத்ததே, அதுவும் உலர்ந்த செதில்தான். அண்ணி திரையில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, சாதாரணமாக அழிப்பதற்காகப் பார்ப்பாரே அதே மாதிரி, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"நம்மள விடப் பெரிய டச்சப்காரியா இருக்கா" என்றார். "எல்லாரும் அழகாக்கித் தாங்கன்னு வந்து நிப்பாங்க. இவ எவ்வளவு நேர்த்தியா தன்னை அசிங்கமாக்கி வச்சிருக்கா."

அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

கல்லூரியில் பூச்சியியல் பேராசிரியர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். பூச்சி சார் என்போம். ஒளிந்து வாழும் பூச்சிகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தார். சுற்றுவட்டாரத்தில் எடுத்த படங்களை அனுப்பச் சொல்லி எங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்கூட ஒரு அறிவிப்பைச் செருகி வைத்துவிட்டுப் போயிருந்தார். அனுப்புங்கள் என்று நான்தான் அண்ணியைப் பிடுங்கி எடுத்தேன். அவர் தயங்கினார். கடைசியில், இடது மீசைப் பக்கம் இரண்டு கீற்றுகள் சரியாக ஒட்டவில்லை, அதை மட்டும் சரிசெய்து அனுப்புகிறேன் என்றார். சரிசெய்தும் முடித்தார். அதற்குள் அவருடைய சித்தி ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. தம்பியிடம் படத்தை அனுப்பச் சொல்லிவிட்டு, கூடவிருந்து பார்த்துக்கொள்ளப் போய்விட்டார்.

டச்சப் செய்யாத படம் இந்தக் கடை வாசலைத் தாண்டாது என்று மாமனார் ஒரு விதி வைத்திருந்தாராம். என் கணவர் அதைக் கல்யாணப் பார்ட்டிகளிடம் பெருமையாகச் சொல்வார். அன்றும் அந்த விதியைக் கைவிடவில்லை. அக்கா அவசரத்தில் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார். பாவம் என்றுகூட நினைத்திருப்பார். உட்கார்ந்து, இரண்டு ஈக்களையும் எடுத்துவிட்டார். எச்சத்தையும் எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த சுத்தமான செதில்களை அள்ளி அந்த இடங்களில் ஒட்டினார். அதே பெயரில் சேமித்தார். அனுப்பினார். அண்ணி எடுத்து வைத்திருந்த வரிசைப் படங்களைத் திறந்து பார்த்தார். எல்லாம் மங்கலாக இருந்தன. கல்யாண வேலையில் மங்கலான படம் என்றால் குப்பை. முழு போல்டரையும் அழித்துவிட்டு, பழைய கேமராவில் இருந்த கார்டையும் காலி செய்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இதெல்லாம் நடந்தபோது நான் முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அண்ணி திரும்பி வருவதற்கு முந்தின நாள் பூச்சி சார் நேரிலேயே வந்தார். என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த வகைப் பூச்சிகளின் இறக்கையில் ஏதாவது ஒரு குறி இருந்தே தீரும், துளிக்கூடக் குறியில்லாமல் தான் பார்த்ததே இல்லை என்றார். ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு நுழைவாயிலிலேயே மாட்டப்போவதாகச் சொன்னார். என் கணவர் நெளிந்தார், எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார் என்றார். அக்கா எடுத்தது என்று சொல்லவில்லை. சார் கேட்கவும் இல்லை. குறியில்லை என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. சார் படியிறங்கியதும் உள்ளே போய்ப் படத்தைத் திறந்தேன். வெண்ணெய் நிறத்தில், ஒன்றுமே இல்லாத ஓர் இறக்கை. நான் வேறு படத்தைத் திறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

மறுநாள் அண்ணி பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. திரைக்கு முன்னால் நின்று தம்பியைக் கூப்பிட்டார்.

"ஈ எங்க?"

"எந்த ஈ?"

"இறக்கையில இருந்த ஈ."

"அதான் துடைச்சிட்டேனேக்கா. நீ அப்படியே விட்டுட்டுப் போயிட்ட. அந்த எச்சத்தை எடுக்கத்தான் ரொம்ப நேரமாச்சு."

அண்ணி வரிசைப் படங்களைக் கேட்டார். அழித்துவிட்டதாகச் சொன்னார் என் கணவர். ஒண்ணுகூட உருப்படியா விழல, எல்லாம் அவுட் ஆஃப் ஃபோகஸ், இதுக்குப் போய் இவ்வளவு இடத்தை அடைச்சு வச்சிருக்க என்றார். அவர் குரலில் தம்பிக்கு உரிய செல்லக் கண்டிப்பு இருந்தது. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. அழித்துப்போனதை மீட்கும் மென்பொருளை வைத்து அண்ணி நாள் முழுக்க முயன்றார். கல்யாண வீட்டில் யாரோ வாய் நிறையச் சாப்பிடுகிற படங்கள் கிடைத்தன.

என் கணவருக்கு விஷயம் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லமாட்டேன். நான் விளக்கியபோது கொஞ்சம் வெளிறித்தான் போனார். பிறகு ஒரு வழி சொன்னார்.

"ஈயை நீயே வரைஞ்சு போட்டுடேன். உனக்குத் தெரியாததா? யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

வெளியே சாவி வெட்டும் இயந்திரம் கிறீச்சிட்டு நின்றது, மறுபடி ஆரம்பித்தது.

"என்னால முடியும். அதனாலதான் முடியாது" என்றார் அண்ணி. "சாருக்கு போன் பண்ணு. நீதான் துடைச்சேன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

சரி என்றார் என் கணவர். இன்றைக்கே செய்கிறேன் என்றார். மறுநாள் சார் வகுப்பில் இருப்பார் என்றார். பிரிண்ட் போட்டுவிட்டார்களாமே, இப்போது சொன்னால் அவருக்கும் சங்கடம், திறப்பு விழா முடியட்டும் என்றார். அண்ணி ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு வார்த்தை கேட்பார், "சொன்னியா?" இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விடுவார். அண்ணியே போய்ச் சொல்லலாமே என்று நான் கேட்டேன். தான் சொன்னால் அது குற்றச்சாட்டு, அவன் சொன்னால்தான் உண்மை என்றார். அந்த வீட்டில் அவர் வளர்ந்த விதம் அப்படி. எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் மேலும்தான்.

திறப்பு விழாவுக்கு மூவரும் போனோம். கல்லூரியின் பெரிய கூடம், வெள்ளைத் தடுப்புச் சுவர்கள், ஒவ்வொரு படத்துக்கும் தனி விளக்கு. நுழைந்ததும் அந்த இறக்கை நின்றுகொண்டிருந்தது. கீழே எங்கள் ஸ்டூடியோவின் பெயரும் என் கணவரின் பெயரும். பலர் அதன் முன்னால் நின்று போன்களில் தங்களைப் படமெடுத்துக்கொண்டார்கள். அண்ணி ஓரமாக நின்று, தலையை நிமிர்த்தி, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

பூச்சி சார் யாருக்கோ விளக்கிக்கொண்டு வந்தவர், படத்துக்கு மிக அருகில் போய், பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூக்கு முட்டுகிற மாதிரி பார்த்தார். ஓடு பிசகியது போல ஒரு செதில் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் பாதி உடைந்த இன்னொன்று. ஒரு முழம் தள்ளி அதே தூக்கிய செதில், பக்கத்தில் அதே உடைந்தது. இந்தப் பக்க இறக்கையில் மறுபடியும் அந்த ஜோடி. கம்ப்யூட்டர் திரையில் அது யார் கண்ணிலும் படாது. ஆள் உயரத்தில் பட்டது. சார் ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இதை யார் தொட்டது?" என்றார்.

அது சின்ன விஷயம். இரண்டு வார்த்தை போதும், நான்தான் சார். நாங்கள் மூவரும் அந்த இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்தோம் என்றுதான் நினைத்தேன். என் கணவரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று இன்றைக்கும் நம்ப விரும்புகிறேன். ஆனால் சுற்றி நாலு பேர் நின்றார்கள், அதில் இருவர் எங்கள் கல்யாண ஆல்பம் வாடிக்கையாளர்கள்.

"டச்சப் எல்லாம் அக்காதான் சார் பாக்குறது" என்றார்.

அந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. எத்தனையோ வருடமாக டச்சப் எல்லாம் அக்காதான் பார்த்தார். சாரின் பார்வை அண்ணியிடம் போயிற்று. கூட நின்றவர்களின் பார்வையும் போயிற்று. ஓகோ இவங்கதானா என்பது போல. அண்ணி கீழே பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். நான் நல்ல மனைவியாக இருப்பதைப் பற்றி அதுவரை நிறைய யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

"அண்ணி இதைத் தொடல சார்" என்றேன். "அவங்க எடுத்தாங்க. தொட்டது இவரு."

"அவளுக்கு இதெல்லாம் தெரியாது சார். கவுண்டர்ல உக்காந்து கதைப் புத்தகம் படிக்கிறவ" என்று என் கணவர் சிரித்தார்.

"லைட்டைப் பிடிச்சது நான்."

என் குரல் எனக்கே கேட்காத அளவு தாழ்ந்திருந்தது. கத்தியிருக்க வேண்டும். கத்த எனக்கு வராது. சார் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அண்ணியிடம் வந்தார். அந்த இடத்தில் என்னம்மா இருந்தது என்று கேட்டார்.

"ரெண்டு ஈ. நடுவுல எச்சம்."

சார் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்படி ஒரு பூச்சி இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தேடி அவர் காடு காடாக அலைந்ததையும், இந்தப் பக்கம் யார் கண்ணிலும் பட்டதில்லை என்பதையும் துண்டு துண்டாகச் சொன்னார். பிறகு வரிசைப் படங்களைக் கேட்டார். என் கணவர், அழிச்சிட்டேன் சார், எல்லாம் அவுட் ஆஃப் ஃபோகஸ் என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே விளங்கியது. அழித்தவர் யார் என்பது அதில் இருந்தது. சாருக்கும் விளங்கியது. மற்றவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தார்கள்.

"நான் நம்புறேம்மா" என்றார் சார் அண்ணியிடம். "ஆனா நான் நம்புறதச் சுவத்துல மாட்ட முடியாது."

இரண்டு பேர் வந்து படத்தை இறக்கினார்கள். அந்த இடத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். இந்த ஸ்டூடியோ அனுப்பிய படம் திருத்தப்பட்டது எனத் தெரியவந்ததால் நீக்கப்படுகிறது என்று. யார் திருத்தியது என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை இல்லை. எங்கள் கடையில் திருத்துவது யார் என்று ஊருக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் என்னிடம் நிறையப் பேசினார். நாலு பேர் முன்னால் புருஷன் மானத்தை வாங்கிவிட்டேன் என்றார். குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டியது என்றார். அவன் அக்காவை அவன் பார்த்துக்கொள்ள மாட்டானா என்று தன்னையே வேறு யாரோ போலச் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. முன்பெல்லாம் நான் பேசாமல் இருந்தால் அது என் சுபாவம். அன்றிலிருந்து அது வேறு. அவருக்கும் வித்தியாசம் தெரிந்தது. ரேடியோவைப் போடவில்லை.

கடையில் கேலி ஆரம்பித்தது. பூச்சிக்கும் பவுடர் போட்டு அனுப்பிட்டாங்களாமே என்றார் மருந்துக்கடைக்காரர். என் முகத்தில் அந்தப் பூச்சிக்கு வச்ச மாதிரி கையை வச்சிடாதீங்க என்று ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி தலை நிமிரவில்லை, மவுஸ் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். என் கணவருக்கும் தெரியும். ஒவ்வொரு கேலிக்கும் அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷ் வயரையோ திரையையோ சரிசெய்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் சாவி வெட்டுகிறவர் சில்லறை மாற்ற வந்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். அந்தப் பூச்சியோட அம்மா வந்து தேடிட்டுப் போச்சு, அடையாளம் தெரியலையாம் என்றார். எனக்கே சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். என் கணவர் மேஜைக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றிருந்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"அக்காவுக்குக் கை சும்மா இருக்காதுண்ணே" என்றார்.

உள்ளே மவுஸ் சத்தம் நின்றது. அண்ணி வெளியே வந்தார். படம் எடுக்கும் அறையின் வாசலில், வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்றார்.

"சொல்லு" என்றார்.

"என்னக்கா?"

"இவர்கிட்ட சொல்லு. யாரு துடைச்சதுன்னு."

சாவிக்காரர் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தார். என் கணவர் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். விடுக்கா, கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க என்றார். அண்ணி அசையவில்லை. நான் மௌனத்தில் நிறைய வகை பார்த்தவள். அப்படி ஒன்றை அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்த்ததில்லை. தெருவில் ஒரு லாரி பின்னால் எடுத்து, திரும்பி, போயே போய்விட்டது. அவர் சொல்லவில்லை.

"இவருதாங்க துடைச்சாரு" என்றேன் நான், சாவிக்காரரிடம்.

புருஷன் பொண்டாட்டி சண்டையில என்னை எதுக்கும்மா இழுக்குற என்று அவர் அவசரமாகப் படியிறங்கினார். அண்ணி என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். நன்றியா, போதும் என்பதா, தெரியாது. உள்ளே போனார். அன்றைக்கு எடுத்துப்போக வேண்டிய ஆர்டர்கள் கவரில் போட்டுத் தயாராக இருந்தன; அவற்றைப் பிரித்து வேறு பிரிண்டுகளைப் போட்டு வைத்தார். பழைய கேமராவையும் வளையத்தையும் தன் பையில் வைத்துக்கொண்டு கடையை விட்டுப் போனார். மாலையில் ஆட்கள் வந்து கவரைப் பிரித்துப் பார்த்துச் சண்டைக்கு நின்றார்கள். பருவோடு, தழும்போடு, வியர்வையோடு, அவரவர் முகம் அவரவர் முகமாகவே இருந்தது. ஒருவரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நான் ஒவ்வொருவரிடமும் போட்டோகிராபரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி இப்போது வேறு ஊரில், இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். திருகாணிகளையும் பல்சக்கரங்களையும் விலைப்பட்டியலுக்காகப் படமெடுக்கிறார். தம்பியோடு பேசுவதில்லை. என்னோடு மாதத்துக்கு ஒருமுறையாவது பேசுவார். பூச்சி சார் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் அந்தப் பூச்சியைக் கடைசிவரை பார்க்கவில்லை. சாவி வெட்டுகிறவர் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். என் கணவர் ஸ்டூடியோவை நடத்துகிறார். டச்சப்புக்கு வெளியாள் ஒருவரை வைத்திருக்கிறார். யாரிடமும் அவர் இன்னும் அதைச் சொல்லவில்லை. நான் எங்கள் வீட்டில் அண்ணி இருந்த மாடி அறைக்குக் குடிமாறிவிட்டேன். பகலில் கடையில் உட்காருகிறேன். என் கணவரோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறேன்.